ஓட்டமும் கலோரிக் கணக்கும்

மாலை ஆறு மணிக்குமேல், வெயில் சற்றே தணிந்த பொழுதில், சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ அலோர் ஸ்டாரிலோ ஏதேனும் ஒரு திடலின் பக்கம் சென்று பார்ப்போமாயின், நம்மவர் பலர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களுள் பலருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்து வாழ்ந்தவர்கள். உடம்பு இளைப்பதற்காக ஓடவேண்டும் என்று அவர்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் மேசைக்கு முன் அமர்ந்து வேலை செய்கிறவர்கள், ஆகவே ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் குனிந்து பார்ப்பது மணிக்கட்டில் கட்டியுள்ள கைப்பட்டியைத்தான். ‘இன்றைக்கு 450 கலோரி’ என்கிறார் ஒருவர். ‘அப்படியானால் ஒரு ரொட்டி சானாய்க்கு வழியுண்டு’ என்கிறார் மற்றவர்.

அந்த 450 என்ற எண் எப்படிப் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அது பொய்யென்று சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் தராசில் நிறுத்துக் கண்ட எடையைப் போன்றதன்று அது. சில அடையாளங்களைக் கொண்டு ஊகித்துக் கண்டது. அவ்வூகம் கெடாவின் வெயிலிலும் நம்மவர் உடலிலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளையாட்டான கேள்வியாகாது. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியரில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31 விழுக்காடு. மருத்துவர் சொல்லி, மனைவி மக்கள் வற்புறுத்தி, நாற்பது வயதுக்குமேல் ஓடத் தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். ஆறு மாதம் ஓடியும் எடை இறங்கவில்லையே என்று சலித்துக் காலணியை மூலையில் போட்டவர்களும் பலர். அவர்களுள் சிலருக்கேனும் கணக்கே பிழையாக இருந்திருக்கக்கூடும்.

முதலில் கலோரி என்பது யாது என்று பார்ப்போம். ஒரு கிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம் ஒரு சிறு கலோரி. உணவுக்கும் உழைப்புக்கும் நாம் சொல்லுகிற கலோரி அதைப்போல் ஆயிரம் மடங்கு, அஃதாவது கிலோகலோரி. மாணவர்கள் இந்த இடத்தில் குழம்புவதுண்டு. பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில் கிலோகலோரி என்றும் கிலோ ஜூல் என்றும் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதைக் காட்டி, முன்னதை 4.184ஆல் பெருக்கினால் பின்னது வரும் என்று விளக்கினால் குழப்பம் தீரும். இக்கட்டுரையில் கலோரி என்பதெல்லாம் கிலோகலோரியே.

உடம்பு உணவை ‘எரிக்கிறது’ என்ற சொல்வழக்கு நமக்குப் புதியதன்று. பசியைத் தீ என்று சொல்லும் மரபு தமிழில் பழையது. மணிமேகலையில் காயசண்டிகை என்பாள் எவ்வளவு உண்டாலும் அடங்காத ‘யானைத்தீ’ என்னும் பசிநோயால் வருந்துகிறாள். அந்தத் தீயை அளக்கலாம் என்று செய்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு லவாய்சியே. 1782ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்காலத்தில், அவரும் கணித அறிஞர் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகிற்று என்று நிறுத்துப் பார்த்தார்கள். அது வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவோடு ஒப்பிட்டு, மூச்சு விடுதல் என்பது மெல்ல நிகழும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னர் அவர் செகுவன் என்னும் தம் உதவியாளரையே அமரச் செய்தும் உழைக்கச் செய்தும், உழைக்கும்போது பிராணவாயுவின் செலவு கூடுவதைக் கண்டார். 1794இல் புரட்சியாளர்கள் அவர் தலையைக் கொய்திராவிட்டால் இக்கலை இன்னும் விரைந்து வளர்ந்திருக்கும்.

இன்றளவும் முறை அதுதான். மனிதன் உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தால் அவன் எரித்த கலோரியைக் கணக்கிட்டுவிடலாம். 1911இல் ஆக்ஸ்போர்டில் டக்ளஸ் என்பவர் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்றை அமைத்து, நடப்பவன் விடும் மூச்சை அதில் பிடித்தார். 1949இல் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த வியர் அக்கணக்கை எளிய சூத்திரமாக்கினார். நாம் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றே: ஒரு லிட்டர் பிராணவாயுவை உடம்பு செலவிட்டால் சற்றேறக்குறைய 5 கலோரி எரிந்ததாகக் கொள்ளலாம்.

கைப்பட்டியோ நம் மூச்சை அறியாது. அது அறிவன சில. உள்ளே இருக்கும் நுண்ணிய அசைவுமானி கை எப்படி ஆடுகிறது என்று சொல்லும். அதிலிருந்து காலடிகளை எண்ணும். அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்கு தோலினுள் ஒளியைப் பாய்ச்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பெருகும்போது அவ்வொளி சற்றே கூடுதலாக உறிஞ்சப்படுவதால், திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இதயத் துடிப்பைக் கணிக்கும். சில வகைகள் செயற்கைக்கோளின் துணையால் தூரத்தையும் வேகத்தையும் அறியும். எஞ்சியவை நாமே சொன்னவை: வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பது. (வாங்கிய அன்று நாணத்தால் ஐந்து கிலோ குறைத்து எழுதியவர்கள் உண்டென்றால் அவர்கள் கணக்கு அன்றே பிழைத்தது.) இவற்றையெல்லாம் ஒரு சூத்திரத்தில் இட்டு அது ஓர் எண்ணைத் தருகிறது. சூத்திரம் இன்னதென்று நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

அந்த எண் எவ்வளவு சரி? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு வகைக் கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கருவியைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள், ஓடினார்கள், மிதிவண்டி மிதித்தார்கள்; மூச்சையும் உடனுக்குடன் அளந்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் நின்றது, அது மெச்சத்தக்கது. கலோரியிலோ எதுவுமே 20 விழுக்காட்டுப் பிழைக்குள் நிற்கவில்லை. ஏழில் சிறந்தது 27 விழுக்காடு பிழைத்தது. மோசமானது 93 விழுக்காடு. அதன்பின் கருவிகள் திருந்தியிருக்கலாம். ஆயினும் துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்தத் தாவலில்தான் பிழை புகுகிறது என்பதில் மாற்றமில்லை.

அந்தத் தாவலை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். உழைப்புக் கூடக்கூடப் பிராணவாயுச் செலவு கூடும், இதயத் துடிப்பும் கூடும். ஆகவே துடிப்பைக் கொண்டு செலவை ஊகிக்கலாம் என்பது கருவியின் வாதம். குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் இவ்வாதம் ஓரளவு செல்லும். பீடோங்கில் மாலை ஆறு மணிக்கு, காற்று அசையாமல் ஈரப்பதம் கனத்து நிற்கும்போது நடப்பது வேறு. உடம்பு சூட்டைத் தணிக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் துடிப்பின் எண்ணிக்கையை உயர்த்தி ஈடுசெய்கிறது. அதே வேகத்தில், அதே தூரம் ஓடினாலும் கடைசிக் கால்மணியில் துடிப்பு ஏறிக்கொண்டே போவதை ஓடுவோர் யாவரும் கண்டிருப்பர். தசைகள் கூடுதலாக எரிக்கவில்லை. வெயில்தான் இதயத்தை விரட்டுகிறது. கருவி அதனை உழைப்பென்று எண்ணிக் கலோரியில் சேர்த்துவிடுகிறது. 1998 ஏப்ரலில் பக்கத்துப் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று. அத்தகைய நாளில் நிழலில் நின்றிருந்தவனுடைய துடிப்பும் ஏறியிருக்கும். இதற்கு நேர்மாறாக, இரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்போருக்குத் துடிப்பு அடங்கியே இருக்கும். அவர்கள் கருவி குறைத்துச் சொல்லக்கூடும்.

தோல் நிறத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மேற்சொன்ன 2017ஆம் ஆண்டு ஆய்வில், கருத்த தோலினரிடமும் பருத்த உடலினரிடமும் துடிப்புக் கணக்கில் பிழை கூடுதலாக இருந்தது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரிடம் செய்த ஆய்வில் நிறத்தால் அத்தகைய வேறுபாடு புலப்படவில்லை. அசைவால்தான் பிழை பெருகிற்று. பட்டி தளர்ந்து ஆடினால், சில வேளைகளில் கருவி காலடியின் தாளத்தையே இதயத்தின் தாளம் என்று பிடித்துக்கொள்ளும். ஆதலின் இறுக்கிக் கட்டுவது நல்லது. நிறத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு இயங்க, உடற்சூடு நிற்கக் கலோரி செலவாகிறது. இதனை அடிப்படைச் செலவு என்போம். உலக நிறுவனங்கள் 1985இல் வெளியிட்ட சூத்திரங்கள், எடையும் வயதும் தெரிந்தால் இதனைக் கணக்கிட உதவின. அச்சூத்திரங்களுக்கு அடிப்படையான 7,000க்கு மேற்பட்ட அளவுகளில் ஏறக்குறையப் பாதி இத்தாலியருடையவை என்று பின்னர் ஆராய்ந்தோர் சுட்டிக்காட்டினர். இத்தாலியரை அளந்து தைத்த சட்டை கெடாக்காரருக்குப் பொருந்துமா? இஸ்மாயில் நூரும் அவர் குழுவினரும் மலேசியரை நேரில் அளந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, பொருந்தாது என்று காட்டிற்று. பழைய சூத்திரம் மலேசிய ஆண்களின் அடிப்படைச் செலவைச் சராசரி 13 விழுக்காடும், பெண்களின் செலவை 9 விழுக்காடும் மிகைப்படுத்திச் சொல்லிற்று. நாற்பது வயதும் 60 கிலோ எடையும் உள்ள ஓர் ஆடவரை எடுத்துக்கொள்வோம். பழைய சூத்திரப்படி அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,575 கலோரி சும்மா இருந்தே செலவிடுவார். மலேசியச் சூத்திரப்படி 1,360தான். இடைவெளி 200க்குமேல். அவர் மூன்றரைக் கிலோமீட்டர் ஓடினால்தான் அது ஈடாகும்! உங்கள் கைப்பட்டி எந்தச் சூத்திரத்தைப் பின்பற்றுகிறதோ அறியோம். மேல்நாட்டாரை அளந்து செய்ததாயின் அது நமக்கு மிகுத்தே சொல்லும்.

இந்த அடிப்படைச் செலவை ஓட்டத்தின் கணக்கில் சேர்த்துக் காட்டும் கருவிகளும் உண்டு, பிரித்துக் காட்டுவனவும் உண்டு. சேர்த்துக் காட்டும் கருவியில், அரைமணி ஓடியவருக்கு அந்த அரைமணியில் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 30 கலோரியும் அடங்கும். நாள் முழுவதற்குமான மொத்தத்தைப் பார்த்து ‘இன்று 1,900 எரித்தேன்’ என்று மகிழ்பவர், அதில் பெரும்பகுதி உறங்கியபோதும் எரிந்தது என்பதை மறக்கக்கூடாது.

பின் எப்படித்தான் கணக்கிடுவது? கருவியே இல்லாமல், காகிதமும் வேண்டாமல் கணக்கிடும் வழி ஒன்றுண்டு. சமதரையில் ஓடும் மனிதன், ஒவ்வொரு மீட்டருக்கும் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.2 மில்லிலிட்டர் பிராணவாயு செலவிடுகிறான் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரம். ஆயிரம் மீட்டருக்கு 200 மில்லிலிட்டர், அஃதாவது லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. லிட்டருக்கு 5 கலோரி என்றோம். ஆக, ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி. இத்தாலியரான மார்கேரியாவும் துணைவரும் 1963இல் ஓட்டக்காரர்களை அளந்து கண்டதும் ஏறக்குறைய இதுவே. பின்வந்த அளவுகள் சில இதனினும் சற்றுக் குறைத்து 0.8 என்றன. 70 கிலோ எடையுள்ளவர் 4 கிலோமீட்டர் ஓடினால் 280. குறைத்துக் கணக்கிட்டால் 225. கருவி 450 என்றால் ஐயுறுவதற்கு இடமுண்டு.

இதில் வியப்பான செய்தி, வேகம் கணக்கில் வராமையே. அந்த நான்கு கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் ஓடினாலும் முப்பது நிமிடத்தில் ஓடினாலும் ஓட்டத்துக்கான செலவு ஏறக்குறைய ஒன்றுதான். விரைந்தவர் முன்னதாக முடிக்கிறார், அவ்வளவே. நடந்தால் மட்டும் செலவு பாதியாகிறது, ஏனெனில் நடையில் உடம்பு ஒவ்வோர் அடியிலும் தரையைவிட்டு எழும்பி விழுவதில்லை. மூச்சுத் திணற ஓடினால்தான் பயன் என்று எண்ணி இரண்டே நாளில் முழங்காலைக் கெடுத்துக்கொள்பவர்கள் இதனை அறிவது நலம். இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்துவதில் வேகத்துக்குத் தனிப்பயன் உண்டு. அது வேறு கணக்கு.

மேடு வந்தால் கதை மாறும். ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ளவர் அடிவாரத்திலிருந்து 1,200 மீட்டர் ஏறினால், தம் உடம்பை அவ்வளவு உயரம் தூக்கிய வேலை மட்டும் ஏறக்குறைய 170 கலோரிக்குச் சமம். தசைகள் எரிப்பதில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி சூடாகப் போய்விடும். எனவே நடந்தே ஏறினாலும் தூரத்துக்கான செலவோடு 650 கலோரிக்குமேல் கூடும். உயரம் அறியாத எளிய கைப்பட்டி அடிகளை மட்டும் எண்ணி, மலையையும் திடலையும் ஒன்றாகவே பாவிக்கும்.

சுமையும் அப்படியே. இக்கருவியைப் பழைய பால்மரத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் கட்டியிருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு 400, 500 மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்றல், குனிதல், கத்தியை மணிக்கட்டால் இழுத்து இழுத்துப் பட்டை சீவுதல். அந்த இழுப்புகளைக் கருவி காலடிகளாக எண்ணியிருக்கக்கூடும். பின்னர்ப் பால் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் ஏற்றி, கம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேடு பள்ளம் கடந்து ஸ்டோருக்கு நடக்கும்போது, உடம்பு மிகக் கூடுதலாக எரிக்கும் அந்த வேளையில், கை ஆடாமையால் அடிகள் எண்ணப்படாமல் போயிருக்கும். சுமையைப் பற்றியோ அதற்கு ஒன்றுமே தெரிந்திராது. இன்று செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுகிறவருக்கும் இதே கதிதான். உழைப்பாளியின் உழைப்பைக் குறைத்தும், வெயிலில் மெல்ல ஓடுபவரின் ஓட்டத்தை மிகுத்தும் சொல்லும் கணக்கு இது. ஓட்டக்காரருக்கென்று செய்த கருவியைக் காட்டுக்குக் கொண்டுபோனால் வேறென்ன ஆகும்!

இனி, ரொட்டி சானாய்க்கு வருவோம். ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரி. பருப்புக் குழம்பு தனி. தே தாரேக்கில் 40 கிராம் கெட்டிப்பால் விழுந்தால் அதிலேயே 130 கலோரி அளவு அடங்கியிருக்கும். கருவி சொன்ன 450ஐ நம்பி இரண்டையும் உண்டவர், தாம் 20 கலோரி மிச்சம் பிடித்ததாக எண்ணி வீடு திரும்புவார். அவர் உண்மையில் செலவிட்டது 280 என்றால், 150 கலோரியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் இப்படி ஓடி, ஐந்து நாளும் இப்படி உண்டால், பத்தே வாரங்களில் ஒரு கிலோ ஏறுவதற்கு வேண்டியது சேர்ந்துவிடும், ஓடியதன் பலனாக! ஓட்டத்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைவதும், இரத்த அழுத்தம் தணிவதும், நல்ல உறக்கம் வருவதும் உண்மை. அவை கலோரி எண்ணோடு கட்டுண்டவை அல்ல. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மட்டும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு உண்பது என்பதைக் கைப்பட்டியிடம் கேளாமல் மருத்துவரிடம் கேட்கவேண்டும். சர்க்கரை அளவுக்குமேல் இறங்கினாலும் ஆபத்து.

அப்படியாயின் கருவியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்றால், வேண்டா. அதன் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும் பிழை. தினமும் 5 நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேருந்து பிடிப்பதில்லையா? போன மாதம் இதே பாதையில், இதே வேளையில் ஓடியபோது துடிப்பு எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஒப்பிடலாம். அதே வேகத்தில் துடிப்பு இறங்கியிருந்தால் உடம்பு தேறியிருக்கிறது. இதைச் சொல்வதில் கருவி வல்லது. நண்பரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில்தான் பொருளில்லை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. அளவு நாடா ஒன்றைக் கொண்டு பள்ளி வாயிலிலிருந்து செம்மண் சாலையில் அரைக் கிலோமீட்டரை மாணவர்களே அளந்து, முனையில் ஒரு கம்பு நடட்டும். போய்வந்தால் ஒரு கிலோமீட்டர். எடைப்பொறியில் நின்று தம் எடையைக் குறித்துக்கொண்டு, ஓடிவந்தவுடன் பெருக்கிப் பார்க்கட்டும். சிறுவர்கள் ஒரு கிலோ எடைக்குப் பெரியவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே செலவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். யாரேனும் ஓர் ஆசிரியர் கைப்பட்டி கட்டியிருந்தால், அவரையும் அதே சாலையில் ஓடவிட்டு, கருவியின் எண்ணையும் பெருக்கி வந்த எண்ணையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதலாம். காலை 8 மணிக்கு ஒரு முறையும், உச்சிவெயிலுக்குமுன் 11 மணிக்கு ஒரு முறையும் ஓட அவர் இசைவாராயின், வெயில் கலோரி ‘எரிக்கும்’ விந்தையை மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.